கர்ப்ப காலத்தில் வயிற்றுப் பயிற்சி: 22-ஆம் வாரம் முதல் பிரசவத்துக்குப் பின் 6 மாதம் வரை ஒரு நிகழ்வு ஆய்வு

கர்ப்பிணிகளுக்கான பிசியோதெரபியில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, வயிற்றுக்குப் பயிற்சி செய்யலாமா, கூடாதா என்பதுதான். இந்த நிகழ்வில் அந்தக் கேள்வியை விட வேறொன்று முக்கியமாக இருந்தது. பயிற்சியை நிறுத்திய பிறகும் இந்தக் கர்ப்பிணியுடைய வயிற்றின் நடுக்கோட்டில் அழுத்தம் ஏறிக்கொண்டேதான் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடியதும், தேடியதால் என்ன மாறியது என்பதும் கீழே. எழுதுவதற்கு அவருடைய சம்மதம் பெற்றிருக்கிறேன். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

கோவையில் வசிக்கும் 31 வயதுப் பெண், ஐ.டி. வேலை. முதல் குழந்தைக்கு நான்கு வயது, அது சுகப்பிரசவம். அதன் பிறகு வயிறு பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்ற வருத்தத்தில் ஜிம்மில் சேர்ந்தவர். ஒன்றரை ஆண்டாகக் கிரஞ்ச் (மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் தூக்குவது), லெக் ரெய்ஸ் (படுத்தபடி காலைத் தூக்குவது), பிளாங்க் (குப்புறக் கையும் கால்விரலும் ஊன்றி உடலை நேராகப் பிடிப்பது) என்று வயிற்றுக்கான பயிற்சிகளையே அதிகம் செய்துவந்தார்.

இரண்டாவது முறை கருவுற்றதும் ஜிம் பயிற்சியாளர், "இனிமே வயித்துக்கு எதுவும் வேண்டாம் மேடம், டெலிவரி முடிஞ்சு வாங்க" என்று சொல்லிவிட்டார். வீட்டில் மாமியார் கையைத் தலைக்கு மேல் தூக்கக்கூட விடவில்லை. கைபேசியிலோ ஒன்பதாம் மாதத்திலும் பிளாங்க் செய்யும் பெண்களின் வீடியோக்கள் வரிசையாக வந்தன. எதை நம்புவது என்று தெரியாமல், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஐந்தாம் மாதம் வரை சும்மா இருந்தார். ஐந்தாம் மாத இறுதியில் இடுப்புவலி தொடங்கியது. படுக்கையில் புரளும்போது அடிவயிற்றுக்குக் கீழே, அந்தரங்க எலும்புப் பகுதியில் சுருக்கென்று குத்தியது. மகப்பேறு மருத்துவர் பரிந்துரைச் சீட்டுடன் எங்களிடம் அனுப்பினார்.

சீட்டில் நான் முதலில் தேடியது, பயிற்சியே கூடாது என்று சொல்லவேண்டிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்பதைத்தான். நஞ்சு (பிளசென்டா) கருப்பையின் மேலே, பின்சுவரில். கருப்பை வாயின் நீளம் இயல்பு, தையல் போடப்படவில்லை. ரத்தப்போக்கு இல்லை. ரத்த அழுத்தம் 110/70. ஒற்றைக் குழந்தை, வளர்ச்சி சரி. ஹீமோகுளோபின் மட்டும் 10.2, இரும்புச்சத்து மாத்திரை தொடங்கியிருந்தார்கள். பிற்பகுதியிலும் நஞ்சு கீழே இறங்கி கருப்பை வாயை மறைத்திருப்பது, பனிக்குடம் உடைந்திருப்பது, கருப்பை வாய் தளர்ந்திருப்பது, கர்ப்பகால உயர் ரத்த அழுத்தத்தோடு வரும் பிரீஎக்ளாம்ப்சியா, கடுமையான ரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நான் பயிற்சி தொடங்கியிருக்கமாட்டேன். இவருக்கு எதுவும் இல்லை.

முதல் பரிசோதனையில் கண்டது (22-ஆம் வாரம்)

நின்ற நிலை, நடை, முதுகு, இடுப்பு மூட்டுகள் எல்லாம் பார்த்தபின், முதுகுப்பக்கம் உயர்த்திய கட்டிலில் சாய்ந்து படுக்கச் சொன்னேன். 20 வாரத்துக்குப் பிறகு தட்டையாக மல்லாந்து நெடுநேரம் கிடக்கும்போது, கருப்பையின் எடை கீழிருந்து இதயத்துக்குத் திரும்பும் பெருஞ்சிரையை அழுத்தும். சிலருக்குத் தலைசுற்றும், வியர்க்கும், ரத்த அழுத்தம் இறங்கும். எனவே இந்தப் பரிசோதனையைச் சாய்வில் வைத்து, சீக்கிரம் முடிக்கிறோம்.

விரல்களால் அளந்தபோது, இரு நேர்வயிற்றுத் தசைகளுக்கும் இடையே தொப்புள் மட்டத்தில் மூன்று விரல் அகலம், அதற்கு மேலே இரண்டரை, கீழே ஒன்று. இந்த எண்களைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. கர்ப்பத்தில் இது நோயில்லை என்று அங்கேயே விளக்கினேன். குழந்தை வளர இடம் வேண்டுமானால் அந்த நடுக்கோடு, அதாவது லீனியா ஆல்பா எனும் இணைப்புத்திசு, அகலத்தான் வேண்டும். முதல் கர்ப்பத்தில் இருந்த 84 பெண்களைத் தொடர்ந்து அளந்த போர்ச்சுகல் ஆய்வொன்று 2015-இல் வெளியானது. 35-ஆம் வாரத்தில் அவர்கள் அத்தனை பேருக்குமே இந்த விலகல் இருந்தது. பிரசவமாகி ஆறு மாதத்தில் அது 39 சதவீதமாகக் குறைந்தது.

அகலத்தைவிட எனக்குக் கவலை தந்தது அடுத்து நடந்தது. "சரி, எழுந்து உட்காருங்க" என்றேன். கையை ஊன்றாமல், மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நேராக எழுந்தார். விலா எலும்புகள் கூடும் இடத்துக்குச் சற்றுக் கீழிருந்து தொப்புள் வரைக்கும் தோலுக்கடியில் ஓட்டுக்கூரையின் முகடு போல ஒரு மேடு எழும்பியது. அவர் உட்கார்ந்து மூச்சை விட்டதும் அமுங்கிப்போனது. அவரே அதை முன்பு பார்த்திருக்கிறார். குழந்தையின் முதுகு அங்கே வந்து முட்டுகிறது என்று நினைத்திருந்தார்.

வீட்டிலும் இப்படித்தான் எழுவீர்களா என்று கேட்டேன். ஆமாம், வேறு வழியில்லை என்றார். கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. சுவர்ப்பக்கம் இவர், மறுபக்கம் அணைத்தபடி நான்கு வயது மகன். இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழவேண்டும். பக்கவாட்டில் புரண்டால் பிள்ளை விழித்துக்கொள்வான் என்பதால் நேராக எழுந்து, கட்டிலின் கால்மாட்டு வழியாக இறங்குவாராம். ஜிம்மில் தடை செய்யப்பட்ட சிட்-அப்பை, மூச்சைப் பிடித்த மோசமான வடிவத்தில், இரவும் பகலும் அவர் செய்துகொண்டிருந்தார்.

அத்துடன், தும்மினால் சில சொட்டு சிறுநீர் கசிவதாகவும் தயங்கித் தயங்கிச் சொன்னார். முதல் பிரசவத்திலிருந்தே இருக்கிறதாம். இதுவரை யாரும் கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை.

எடுத்த முடிவும் காரணமும்

முதலில் தீர்க்கவேண்டியது குழந்தையின் பாதுகாப்பு பற்றிய பயம். வயிற்றுத் தசை சுருங்கினால் குழந்தை நசுங்கும் என்பதுதான் பலரின் உள்ளே கிடக்கும் அச்சம். குழந்தை பனிக்குட நீரில், தடித்த கருப்பைச் சுவருக்குள் இருக்கிறது. வெளித்தசையின் சுருக்கம் அதை நெரிப்பதில்லை. சிக்கலற்ற கர்ப்பத்தில் மிதமான உடற்பயிற்சி கருச்சிதைவையோ குறைப்பிரசவத்தையோ அதிகரிப்பதில்லை என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தடை எதுவும் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமாக உடலியங்கவேண்டும் என்கிறது. தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் அதில் அடக்கம். நாடித்துடிப்பு 140-ஐத் தாண்டக்கூடாது என்று 1985-இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு சொன்ன விதி 1994-லேயே கைவிடப்பட்டது. ஆனாலும் அது இன்னும் நம் ஜிம்களில் உலாவுகிறது. அதற்குப் பதில் பேச்சுச் சோதனை போதும்: பயிற்சியின்போது முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி.

எனவே கேள்வி குழந்தையைப் பற்றியதல்ல, தாயின் நடுக்கோட்டையும், கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளையும் பற்றியது. இதில் சான்றுகள் நாம் விரும்பும் அளவுக்குத் தெளிவாக இல்லை. கனடாவின் 2019 வழிகாட்டி, விலகல் உள்ள கர்ப்பிணிகள் கிரஞ்ச் வகைகளைத் தவிர்த்து பிசியோதெரபிஸ்டின் ஆலோசனை பெறவேண்டும் என்கிறது. பிரசவத்துக்குப் பிந்தைய 70 பெண்களை வைத்து நார்வேயில் நடந்து 2023-இல் வெளியான ஆய்விலோ, 12 வாரம் கிரஞ்ச் செய்தவர்களுக்கு விலகல் கூடவில்லை, தசை வலுத்தது. அந்தப் பெண்கள் பிரசவம் முடிந்து மாதங்கள் ஆனவர்கள். உள்ளிருந்து வயிறு விரிந்துகொண்டிருக்கும் 22-ஆம் வாரத்துக்கு அதை அப்படியே பொருத்த நான் துணியவில்லை. கிரஞ்ச்சை நிரந்தரமாகக் கெட்டது என்று சொல்லவும் எனக்கு மனமில்லை.

அவருக்குச் சொன்ன அளவுகோல் ஒன்றுதான். எந்த அசைவில் அந்த முகடு எழுகிறதோ, எதற்கு மூச்சைப் பிடிக்கவேண்டியிருக்கிறதோ, எதன்போது கீழே அழுத்தமோ கசிவோ தெரிகிறதோ, அது இப்போதைக்கு வேண்டாம். மற்றதெல்லாம் செய்யலாம்.

அதன்படி கிரஞ்ச், இரு காலையும் சேர்த்துத் தூக்குவது, படுத்தபடி சைக்கிள் மிதிப்பதுபோல் காலை அசைப்பது, முழு பிளாங்க் ஆகியவற்றை விலக்கிவைத்தோம். முழு பிளாங்க்கைச் செய்துகாட்டச் சொன்னபோது பத்து விநாடிக்குள் மூச்சு நின்றது, முகடு கீழ்நோக்கித் தொங்கியது. அதையே சமையல் மேடையில் கையூன்றிச் சாய்ந்து செய்தபோது இரண்டும் இல்லை. அதனால் மேடை பிளாங்க் பட்டியலில் சேர்ந்தது. மூச்சை விட்டபடி அடிவயிற்றை மெதுவாக உள்ளிழுத்தல், கை-முழங்கால் ஊன்றிய நிலையில் எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுதல், முழங்கால் ஊன்றிய பக்கவாட்டுப் பிளாங்க், நின்றபடி ரப்பர் பட்டையை மார்புக்கு நேராகத் தள்ளிப் பிடித்தல், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல், தினமும் அரைமணி நடை. இவற்றோடு இடுப்புத்தளப் பயிற்சி: சிறுநீரை அடக்குவதுபோல உள்ளே சுருக்கி மேலே இழுத்து, எட்டு எண்ணும்வரை பிடித்து, முழுதாக விடுவது. முழுதாக விடுவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பயிற்சிப் பட்டியலை விட அதிகம் வேலை செய்தது கட்டிலை மாற்றியதுதான் என்று நினைக்கிறேன். சுவரிலிருந்து கட்டிலை நகர்த்தி, மகனைச் சுவர்ப்பக்கம் படுக்கவைத்து, இவர் வெளிப்பக்கம் வந்தார். முழங்கால்களை மடக்கிச் சேர்த்து, உடலை ஒரே துண்டாகப் பக்கவாட்டில் திருப்பி, கால்களைத் தொங்கவிட்டபடி கையால் தள்ளி எழுவது. கால்களைச் சேர்த்தே புரண்டதால் அந்தரங்க எலும்புப் பகுதியின் குத்தலும் ஒரு வாரத்தில் பாதிக்குமேல் தணிந்தது.

24-ஆம் வாரம்: மலச்சிக்கல்

அடுத்த வருகையில் எழுவது சரியாக இருந்தது. ஆனால் தொப்புளுக்கு மேலே இழுக்கும் வலி கூடியிருந்தது. பேச்சுவாக்கில், மாத்திரை தொடங்கியதிலிருந்து மூன்று நாளைக்கு ஒருமுறைதான் மலம் கழிகிறது, அரைமணி நேரம் முக்கவேண்டியிருக்கிறது என்றார். மூச்சை அடைத்து முக்கும்போது வயிற்றுக்குள் ஏறும் அழுத்தம் எந்தக் கிரஞ்ச்சுக்கும் குறைந்ததல்ல. அது நடுக்கோட்டையும் தள்ளும், இடுப்புத்தளத்தையும் கீழே அழுத்தும்.

மகப்பேறு மருத்துவரிடம் பேசி மருந்தின் வகையை மாற்றவைத்தார். மாத்திரையை அவராக நிறுத்தக்கூடாது என்பதை அழுத்திச் சொன்னேன், 10.2 அளவுக்கு அது கட்டாயம் தேவை. தண்ணீர், கீரை, கொய்யா, இரவில் ஊறவைத்த உலர்திராட்சை என்று உணவிலும் மாற்றம். வெஸ்டர்ன் டாய்லெட்டில் காலுக்கடியில் சிறு மணைப்பலகை வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயரமாக வரும்படி உட்கார்ந்து, வாயைத் திறந்து மூச்சை விட்டபடி கழிக்கப் பழகினார். பத்து நாளில் முக்குவது நின்றது, இழுக்கும் வலியும் குறைந்தது.

27-ஆம் வாரம்: வயிறு இறுகியது

ஒரு மாலை வீட்டில் பயிற்சியின்போது வயிறு முழுதும் கல்லாக இறுகியதாகத் தொலைபேசியில் அழைத்தார். வலி அதிகமில்லை. ரத்தமோ நீரோ போகவில்லை. குழந்தை அசைந்துகொண்டிருந்தது. பயிற்சியை நிறுத்தி, இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்து, இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னேன். ஒரு மணி நேரத்துக்குள் அடங்காவிட்டாலோ, சீரான இடைவெளியில் வந்தாலோ, நீர் கசிந்தாலோ உடனே மருத்துவமனை. அரைமணியில் அடங்கிவிட்டது. இருந்தாலும் அடுத்த நாள் மருத்துவரைப் பார்க்கவைத்தேன். 37 வாரத்துக்கு முன் வரும் இறுக்கத்தை வெறும் ஊகத்தில் பொய்வலி என்று ஒதுக்க எனக்கு உரிமை இல்லை. கருப்பை வாயின் நீளம் மாறவில்லை, சிறுநீர்த் தொற்றும் இல்லை. அன்று அவர் மதியத்திலிருந்து தண்ணீரே குடிக்காமல் தொடர்ந்து மீட்டிங்கில் இருந்தது தெரியவந்தது. நான்கு நாள் நடை மட்டும் என்று குறைத்து, பிறகு பயிற்சியைப் பாதி அளவில் மீண்டும் தொடங்கினோம்.

குடும்பம் இங்கேதான் தடுமாறியது. அடுத்த வருகைக்கு மாமியாரும் வந்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, வவுத்துல புள்ளய வெச்சுக்கிட்டு இதெல்லாம் பண்ணுனா கொடி சுத்திக்காதுங்களா?"

"இல்லைங்கம்மா. பிள்ளை உள்ளே சுத்திச் சுத்தி விளையாடறதுனால சுத்திக்கிறது அது. பிறக்கிற பிள்ளைகள்ல நாலுல ஒண்ணுக்குக் கழுத்துல கொடி இருக்கும். பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. அம்மா கை தூக்குனதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைங்க."

அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. மருமகள் கையும் காலும் நீட்டி நிற்பதைப் பார்த்தார். கொஞ்சநேரம் கழித்து, "நாங்க குத்தவெச்சு வீடு மொழுகுனது மாதிரித்தான் இருக்குது" என்றார். அந்த நாளிலிருந்து வீட்டில் மூத்த பிள்ளையைத் தூக்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். அவருடைய கேள்விக்குச் சிரிக்காமல் பதில் சொன்னது வீண்போகவில்லை.

33-ஆம் வாரம் முதல் பிரசவம் வரை

வளைகாப்பு முடிந்து பொள்ளாச்சியில் தாய்வீட்டுக்குப் போனார். அங்கே கட்டில் இல்லை, பாய். தரையிலிருந்து பக்கவாட்டில் புரண்டு, கை-முழங்கால் ஊன்றி, ஒரு காலை முன்னே வைத்து, நாற்காலியைப் பிடித்து எழுவதை வீடியோ அழைப்பில் அவருடைய தாயையும் அருகில் வைத்துப் பழக்கினேன். 35-ஆம் வாரத்துக்குப் பின் பக்கவாட்டுப் பிளாங்க்கிலும் முகடு தெரியத் தொடங்கியதால் அதை நிறுத்தினோம். மூச்சுப் பயிற்சி, இடுப்புத்தளத்தைத் தளர்த்தும் பயிற்சி, நடை மட்டும் மிஞ்சின. கடைசி வாரங்களில் வலுவைவிடத் தளர்த்தத் தெரிவது முக்கியம்.

39-ஆம் வாரத்தில் சுகப்பிரசவம். குழந்தை 2.9 கிலோ. பிறப்புறுப்பை ஒட்டித் தசை வரை கிழிசல் (இரண்டாம் நிலை), தையல் போடப்பட்டது. பயிற்சியால்தான் சுகப்பிரசவம் ஆனது என்று நான் சொல்லமாட்டேன். இரண்டாவது பிரசவம், முதலாவதும் சுகப்பிரசவம். இடுப்புவலி 30-ஆம் வாரத்திலேயே பெருமளவு குறைந்து, பிரசவம் வரை அவரால் நடமாட முடிந்தது. இந்த அளவுக்குத்தான் நான் உறுதியாகச் சொல்லமுடியும்.

பிரசவத்துக்குப் பின்

தாய்வீட்டில் பழைய வேட்டித் துணியால் வயிற்றை இறுகக் கட்டியிருந்தார்கள். தளர்வாகக் கட்டினால் எழும்போது ஆதரவாக இருக்கும், தடையில்லை. இறுகக் கட்டினால் அழுத்தம் முழுதும் கீழே, தையல் போட்ட இடுப்புத்தளத்துக்குப் போகும். விலகலைத் துணி மூடாது. இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்தச் சொன்னேன்.

ஆறாவது வாரத்தில் தொப்புள் மட்டத்தில் இரண்டு விரல் அகலம். தலையைத் தூக்கினால் மெல்லிய முகடு. மூன்றாம் மாதத்திலிருந்து, மூச்சை விட்டபடி தலையை மட்டும் தூக்குவதில் தொடங்கிப் படிப்படியாகக் கிரஞ்ச்சுக்கே திரும்பினார். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. கிரஞ்ச் இனி வாழ்நாளுக்கும் இல்லை என்று நினைத்திருந்தார்.

ஆறாம் மாதத்தில் அகலம் ஒன்றரை விரல். அதைவிட முக்கியமாக, விரலை அழுத்தினால் முன்பு உள்ளே புதைந்த இடத்தில் இப்போது இறுக்கமான திசு தட்டுப்பட்டது. நேராக எழுந்தாலும் முகடு இல்லை. தும்மினால் கசிவது நின்றது. கயிறு தாண்டினால் இன்னும் கசிகிறது. அதற்குப் பயிற்சி தொடர்கிறது, தேவைப்பட்டால் மகளிர்நோய் மருத்துவரின் பரிசோதனைக்கு அனுப்புவோம். வயிறு பழையபடி தட்டையாகவில்லை என்ற வருத்தம் அவருக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. விலகலுக்கும் இடுப்பு, முதுகு வலிக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக 300 பெண்களைத் தொடர்ந்த இன்னொரு நார்வே ஆய்வில் தெரியவில்லை என்பதைச் சொன்னபோது, இடுப்புவலி திரும்பிவிடுமோ என்ற பயமாவது விலகியது.

இனி நாங்கள் மாற்றுவது

முதல் வருகைப் படிவத்தில் மூன்று கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்: எந்தக் கட்டிலில், எந்தப் பக்கம் படுக்கிறீர்கள், மலம் கழிக்க முக்கவேண்டியிருக்கிறதா, இருமல், தும்மலில் கசிவு உண்டா. கடைசிக் கேள்வியை நாங்களே கேட்கிறோம், அவர்களாகச் சொல்லட்டும் என்று காத்திருப்பதில்லை.

மாமியாரோ தாயோ, வீட்டில் முடிவெடுப்பவர் யாரோ, அவரை முதல் வருகைக்கே அழைக்கச் சொல்கிறோம். பயிற்சித் தாளின் மேல்பகுதியில், எதைக் கண்டால் நிறுத்தி மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்பது பெரிய எழுத்தில் அச்சாகிறது: ரத்தப்போக்கு, நீர் கசிவு, சீரான இடைவெளியில் வலியோடு வரும் இறுக்கம், நெஞ்சுவலி, ஓய்விலும் மூச்சிரைப்பு, தலைச்சுற்றல், கடும் தலைவலி, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமோ வலியோ, குழந்தையின் அசைவு குறைவது.

தாய்வீட்டுக்குப் போகும் தேதியைக் கேட்டு, அதற்கு முந்தைய வாரமே தரையிலிருந்து எழுவதைப் பழக்குகிறோம். பிரசவமான இரண்டாவது வாரத்தில் ஒரு வீடியோ அழைப்பும் இப்போது எங்கள் அட்டவணையில் உண்டு. வயிற்றுக் கட்டின் இறுக்கத்தை அப்போதே பார்த்துவிடலாம்.